பழைய மைனர், மிட்ஜெட் கியர்பொக்ஸ் கோளாறு: பெட்டியை இறக்குமுன் பார்க்கவேண்டிய ஒழுங்கு

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பழைய காரைக் கராஜுக்குக் கொண்டுவருகிறவர் இறங்கும்போதே தீர்ப்போடுதான் இறங்குவார்: "அண்ணை, கியர்பொக்ஸ் போட்டுது." பக்கத்தில் நிற்கிற பெடியன் உடனே ஜக்கைத் தேடுவான். பெட்டியை இறக்கி, பிரித்து, கழுவி, திரும்பப் பூட்டி, காரை எடுத்தால் அதே கரகரப்பு. கோளாறு கிளச்சில் இருந்திருக்கும், அல்லது ஒயிலில், அல்லது என்ஜினைத் தாங்கும் ரப்பரில்.

ஆகவே வெளியிலிருந்து உள்ளே போகவேண்டும். கீழே உள்ள ஒழுங்கு அதற்குத்தான். ஒரு படியை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் இரண்டு கோளாறு ஒன்றோடொன்று கலந்து, எதைச் சரிசெய்ததால் எது மாறியது என்று தெரியாமல் போகும்.

1. முதலில் உங்கள் காரில் எந்தப் பெட்டி என்று பாருங்கள்

இங்கே சொல்வது மொறிஸ் மைனர் 1000, ஒஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட், எம்.ஜி. மிட்ஜெட் ஆகியவற்றுக்கு. வன்னியில் மைனர்தான் கூட, மிட்ஜெட் அருமை. ஆனால் மூன்றிலும் ஏ-சீரிஸ் என்ஜின், ஒரே குடும்பத்துக் கியர்பொக்ஸ். நான்கு கியர், இரண்டு, மூன்று, நான்குக்குச் சிங்க்ரோ (பல் சேருமுன் வேகத்தைச் சமப்படுத்தும் வளைய அமைப்பு) உண்டு, முதலாவதுக்கும் ரிவேர்ஸுக்கும் இல்லை.

மைனரில் 1956 முதல் 948 சி.சி., 1962 முதல் 1098 சி.சி. 1098-உடன் வந்த பெட்டியில் சிங்க்ரோ அமைப்பு வேறு. மிட்ஜெட்டில் பிந்திய பெட்டியின் உடலில் தடித்த விலா வரிகள் ஓடும், முந்தியது வழுவழுப்பு. பாகம் வாங்கப்போகும்போது இந்த வேறுபாடு பணத்தைக் காப்பாற்றும். 1974 இறுதியில் வந்த 1500 மிட்ஜெட்டில் ட்ரையம்ப் என்ஜினும் நான்கு கியருக்கும் சிங்க்ரோ உள்ள வேறு பெட்டியும் இருப்பதால், கீழே வரும் ஒயில் விபரத்தை அதற்குப் பாவிக்காதீர்கள்.

இனி, கோளாறு இல்லாதது எது என்று தெரிந்திருக்கவேண்டும். முதலாம் கியரிலும் ரிவேர்ஸிலும் 'ஊ' என்று ஊளையிடும் சத்தம் வரும். அவற்றின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. புதுப் பெட்டியிலும் அப்படித்தான். கார் உருண்டுகொண்டிருக்கும்போது முதலாம் கியருக்குள் தள்ளினால் கரகரக்கும். அதுவும் கோளாறில்லை, ஓட்டுகிறவரின் அவசரம். இக்காலத்து ஜப்பான் கார் ஓட்டிப் பழகினவர்கள் இந்த இரண்டையும்தான் முறைப்பாடாகக் கொண்டுவருகிறார்கள்.

2. கையில் வைத்திருக்க வேண்டியவை

ஜக் ஒன்று, ஸ்டான்ட் இரண்டு, சில்லுக்கு அடை கொடுக்க மரக்கட்டைகள், டோர்ச், வெள்ளைத் துணி, சின்னக் காந்தம், பழைய பேசின், கொப்பி.

ஸ்பனர் விடயத்தில் கவனம். இந்தக் கார்களில் அதிகம் அங்குல அளவு நட்டுகள். எங்கள் கராஜ்களில் மில்லிமீற்றர் செட்தான் முதலில் கைக்கு வரும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், அதில் 13-ஆம் நம்பர் ஸ்பனர் ஏறும், ஆனால் ஆடும். இறுகிய நட்டில் அந்த ஆட்டம் மூலைகளைத் தின்றுவிடும். ஒருமுறை உருண்டுபோன நட்டை எடுக்க வெட்டிரும்பும் சுத்தியலும்தான் கதி. ஏழு பதினாறில் (7/16), அரை (1/2), ஒன்பது பதினாறில் (9/16) ஆகிய மூன்று அங்குல ஸ்பனர்களையாவது தேடி வாங்குங்கள்.

ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவேண்டாம். செம்மண் நிலத்தில், அதுவும் மாரியில், ஜக் சரியும். ஸ்டான்டுக்குக் கீழே அகலப் பலகை வையுங்கள்.

3. ஓட்டிப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள்

காரைக் குறைந்தது இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிரில் தடித்திருக்கும் ஒயில் சில கோளாறுகளை மறைக்கும், சிலவற்றைப் பெரிதாகக் காட்டும். ஏ9-இல் பரிசோதனை வேண்டாம். பின்னால் வருகிற பஸ் உங்கள் நியூற்றலுக்காகக் காத்திருக்காது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகிற றோட்டு போல ஆள்நடமாட்டம் குறைந்த நேரான துண்டு நல்லது.

முதலில், காரை நிறுத்தி, என்ஜின் ஓட நியூற்றலில் காது கொடுங்கள். கிளச்சை அமத்தும்போது சத்தம் மாறுகிறதா? நிற்கிறதா, புதிதாகத் தொடங்குகிறதா?

பிறகு கிளச்சை அடிவரை அமத்தி, மெதுவாக ஐந்து வரை எண்ணி, ரிவேர்ஸைப் போடுங்கள். ரிவேர்ஸுக்குச் சிங்க்ரோ இல்லை என்பதால் அது பொய் சொல்லாது. கிளச் முழுதாக விட்டிருந்தால் சத்தமில்லாமல் விழும். அவ்வளவு நேரம் பொறுத்தும் கரகரத்தால் கிளச் இழுத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது, என்ஜினை நிறுத்தி நான்கு கியரையும் ரிவேர்ஸையும் போட்டுப் பாருங்கள். இந்த ஒரு சோதனையைத்தான் புதியவர்கள் எல்லாரும் விடுகிறார்கள். என்ஜின் நிற்கும்போது சுகமாக விழுந்து, ஓடும்போது விழாவிட்டால் குற்றவாளி கிளச். நிற்கும்போதும் விழாவிட்டால் லீவரிலோ பெட்டிக்குள் கியரைத் தள்ளும் கவட்டிலோ கோளாறு. பல்லுக்குப் பல் நேராக நின்றும் தடுக்கக்கூடும் என்பதால் காரை ஒரு சாண் தள்ளி இன்னொருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கடைசியாக ஓட்டம். ஒவ்வொரு கியரிலும் ஒருமுறை அக்சிலேற்றரை அமத்தி, ஒருமுறை சடுதியாக விட்டு, சத்தமும் லீவரின் அசைவும் குறிக்கவேண்டும். மேலே மாற்றும்போது கரகரப்பா, கீழே இறக்கும்போதா என்பதும் தனித்தனியே வேண்டும்.

4. கிளச்: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

பெட்டியின் மீது விழும் பழியில் பெரும்பங்கு இதனுடையது.

மைனரில் பெடலிலிருந்து கிளச் வரை கம்பியும் லீவரும்தான். பெடலைக் கையால் அமத்திப் பாருங்கள். சுமார் ஓர் அங்குலம் எதிர்ப்பில்லாமல் போய், பிறகு பாரம் தெரியவேண்டும். சரியான அளவு உங்கள் மொடலின் கையேட்டில் இருக்கும். வெற்று ஓட்டம் கூடினால் கிளச் முழுதாக விடாது, கியர் கரகரக்கும். வெற்று ஓட்டமே இல்லாவிட்டால் கிளச் வழுக்கும், கிளச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தேயும். அந்தப் பேரிங் பந்துகள் உள்ளதில்லை, கரி வளையம். பெடலில் காலை ஊன்றியபடி ஓட்டுகிற பழக்கம் அதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

அளவைத் திருத்துமுன் காருக்குக் கீழே ஒருவர் படுத்திருக்க, மற்றவர் பெடலை அமத்தவேண்டும். ஊசிகள் போகும் துளைகளைக் கவனியுங்கள். கிறவல் றோட்டுத் தூசி கிறீஸோடு சேர்ந்து அரைத்து, வட்டத் துளை முட்டை வடிவாகப் போயிருக்கும். மூன்று நான்கு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆடும் ஆட்டம் கூடி, பெடலின் பாதி ஓட்டத்தை விழுங்கிவிடும். ஊசியையும் புஷ்ஷையும் மாற்றாமல் நட்டை மட்டும் முறுக்கி அளவைப் பிடித்தால் ஒரு மாதம் தாங்கலாம். லேத் வேலை தெரிந்தவரிடம் துளையை அடைத்துத் திரும்பத் துளைப்பது பெரிய செலவில்லை.

மிட்ஜெட்டிலும் ஸ்ப்ரைட்டிலும் கிளச் பிரேக் ஒயிலால் இயங்கும். இதில் திருத்தும் நட் கிடையாது, ஆகவே ஓட்டம் குறைந்தால் காரணம் வேறெங்கோ. பெடலை மேலே மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் ஊசி தேய்ந்திருக்கும். கீழே சிலேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியை நீக்கினால் ஈரம் தெரியும். அல்லது பழைய ரப்பர் குழாய் அமத்தும்போது ஊதும். இரண்டு மூன்று தரம் அடித்து அமத்தினால் கியர் விழுகிறது என்றால் உள்ளே காற்று. காற்றை எடுத்துப் பார்த்தபிறகும் திரும்ப வந்தால் சீல் போயிருக்கிறது. தொட்டியில் குறைந்ததற்கு என்ஜின் ஒயில் ஊற்றிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கனிய ஒயில் பட்ட சீல்கள் ஊதிப்போகும். அதற்குப் பிறகு முழுத் தொகுதியையும் கழுவி எல்லாச் சீலையும் மாற்றவேண்டும்.

மழைக்காலம் முழுக்கக் கொட்டிலில் நின்ற காருக்கு இன்னொரு நோய் உண்டு. பெடல் நல்லாயிருக்கும், இணைப்பும் சரி, ஆனால் என்ஜின் ஓடும்போது ஒரு கியரும் விழாது. கிளச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு (என்ஜினின் பின்முனையில் சுற்றும் கனச் சில்லு) ஒட்டியிருக்கிறது. வெறும் வெளிக்குக் காரைத் தள்ளி, முன்னால் ஆடு மாடு ஆளில்லை என்று பார்த்து, என்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். இரண்டாம் கியரைப் போட்டு, கிளச்சை அமத்தியபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். கார் துள்ளி ஓடத் தொடங்கும். பெடலை விடாமல் அக்சிலேற்றரைக் கூட்டிக் குறைத்தால் அனேகமாக ஒரு வெட்டோடு பிரியும். பிரியாவிட்டால்தான் பெட்டியை இறக்கும் கதை.

ஒரு விடயம் விட்டுப்போகக்கூடாது. கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் கூட்டின் அடியில் ஒரு துளையும் அதில் தொங்கும் பிளவு ஊசியும் இருக்கும். ஊசி ஆடி ஆடித் துளையை அடைபடாமல் வைக்கும். செம்மண் சேறு காய்ந்து அதை அடைத்துவிட்டால் கசியும் ஒயில் உள்ளேயே தேங்கிக் கிளச் பிளேட்டை நனைக்கும். கம்பியால் சுரண்டித் திறந்து, வடிவதைத் துணியில் ஏந்துங்கள். கறுப்பாக இருந்தால் என்ஜினின் பின்பக்கக் கசிவு. தேன் நிறமென்றால் பெட்டியிலிருந்து வருகிறது. அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று அடுத்த படியில் பார்க்கலாம்.

5. ஒயில்: எந்த டின் என்பதில்தான் பிழை

இந்தப் பெட்டிக்குக் கையேடு சொல்வது கியர் ஒயில் இல்லை. என்ஜின் ஒயில், எஸ்.ஏ.ஈ. 30. இன்று 20-டபிள்யூ-50 பாவிக்கிறவர்களும் உண்டு, பிழையில்லை. பிடிக்கும் அளவு ஏறத்தாழ 1.3 லீற்றர்.

உழவு மெசின் திருத்துகிற கராஜில் ஈ.பி. 90 கியர் ஒயில் எப்போதும் பீப்பாயில் இருக்கும். "கியர்பொக்ஸ்தானே" என்று அதை ஊற்றிவிடுவார்கள். சிங்க்ரோ வளையம் வேலைசெய்வது உராய்வால். கூம்பைக் கவ்விப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்தினால்தான் பல் சத்தமில்லாமல் சேரும். இப்படியான கியர் ஒயிலில், குறிப்பாக ஜி.எல். 5 வகையில், இருக்கும் கடும் அழுத்த மருந்து அந்தக் கவ்வலை வழுக்கச் செய்யும், வெண்கலத்தையும் அரிக்கக்கூடும். 90 என்ற எண்ணைப் பார்த்து மூன்று மடங்கு தடிப்பு என்றும் நினைக்கவேண்டாம். கியர் ஒயிலுக்கும் என்ஜின் ஒயிலுக்கும் எண் அளவுகோல் வேறு.

பின் அச்சின் டிஃபரன்ஷியலுக்கு ஈ.பி. 90 கட்டாயம் வேண்டும். இரண்டையும் மாற்றி ஊற்றினால் பெட்டி முனகும், டிஃபரன்ஷியல் செத்தே போகும்.

மாற்றும் ஒழுங்கு: கார் மட்டமான நிலத்தில், ஒயில் இளஞ்சூட்டில். முதலில் ஒயில் நிரப்பும் பிளக்கைக் கழற்றுங்கள். அது இறுகிக் கிடக்க, கீழே வடித்துவிட்டால் காரை அசைக்கவும் முடியாது, நிரப்பவும் முடியாது. முந்திய மொடல்களில் டிப்ஸ்டிக். பிந்தியவற்றில் பக்கத்துப் பிளக், கம்பளத்தைத் தூக்கினால் ஒரு ரப்பர் அடைப்புக்குக் கீழே தெரியும். அந்தத் துளையின் கீழ்விளிம்பு வரைதான் நிரப்பவேண்டும். பெட்டியின் முன்வாயில் ரப்பர் சீல் கிடையாது. ஒயிலைத் திருப்பியனுப்பும் மரைதான் காவல். மேலதிக ஒயில் நேரே கிளச்சுக்குப் போகும்.

வடித்த ஒயிலை உடனே வெளியே கொட்டிவிடாதீர்கள். வெயிலில், வெள்ளைத் துணியில் மெதுவாக ஊற்றி வடியுங்கள். துணியில் மஞ்சள் மினுக்கம் நின்றால் சிங்க்ரோ வளையம் தேய்கிறது. கொஞ்சம் என்றால் வயதுக்கு ஏற்றது. காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டுவதும் வழமை, விரலால் தேய்த்தால் மாவுபோல இருக்கவேண்டும். நகக்கணுவில் தைக்கும் சிம்பு, மினுங்கும் செதில், ஊசி உருளையின் துண்டு இவற்றில் எது வந்தாலும் காரை அதோடு நிறுத்துங்கள். நேரே எட்டாம் படி.

ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மாரியில் மதகுக்கு மேலால் வெள்ளம் பாயும்போது ஓட்டிக் கடந்தால், சூடான பெட்டி சட்டெனக் குளிர்ந்து வெளித் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். மலிவான ஒயிலை ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டி வடித்து, பிறகு நல்ல ஒயில் போடுங்கள். வெள்ளத்துக்குள் போன எந்தக் காரிலும் டிஃபரன்ஷியலையும் இப்படியே பார்க்கவேண்டும்.

6. லீவரும் தாங்கு ரப்பரும்

கியர் தானாகக் கழன்று நியூற்றலுக்கு வருகிறது என்றால், எல்லாக் கியரிலுமா ஒன்றிலா என்று கொப்பியைப் பாருங்கள். பல கியரில் நடந்தால் பெரும்பாலும் வெளிக் காரணம். ரப்பர் இற்றுப்போய் என்ஜினும் பெட்டியும் அக்சிலேற்றரை விடும்போது முன்னே பின்னே நகரும்; லீவர் கவரின் விளிம்பில் முட்டி கியரைப் பிடுங்கிவிடும். ஒருவர் பிரேக்கை இறுக்கிப் பிடித்து மெல்லக் கிளச்சை விடப் பார்க்க, மற்றவர் பக்கத்தில் நின்று என்ஜின் சாய்வதைக் கவனிக்கலாம். காருக்கு முன்னால் மட்டும் நிற்கவேண்டாம்.

ஒரே கியர் மட்டும், அக்சிலேற்றரை விடும்போது கழன்றால், உள்ளே கவட்டுத் தண்டைப் பிடிக்கும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது சேரும் பற்களின் முனை வட்டமாகியிருக்கலாம். முன்னது சில்லறைச் செலவு. பின்னதை ஸ்பிரிங் மாற்றி மறைக்கலாமே தவிரத் தீர்க்கமுடியாது. லீவரை றப்பர் பட்டியால் கட்டி ஓட்டுவது ஒரு வழியே இல்லை. கவடு தொடர்ந்து உரசி அதுவும் தேயும்.

7. சத்தம் எங்கிருந்து என்று பிரித்தறிதல்

நான்காம் கியரில் முன் தண்டும் பிரதான தண்டும் நேரடியாகப் பூட்டப்படும். அடியில் இருக்கும் லே சாஃப்ட் சுற்றும், ஆனால் பாரம் தூக்காது. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் பாதிச் சத்தத்தை இருந்த இடத்திலிருந்தே பிரிக்கலாம்.

ஒன்று, இரண்டு, மூன்றில் உறுமி, நான்கில் அடங்கினால் லே சாஃப்டும் அதன் ஊசி பேரிங்குகளும். நியூற்றலில் முனகி, கிளச்சை அமத்த நின்றால் முன் தண்டுப் பேரிங்கோ லே சாஃப்டோ. மேலே சொன்ன ஓட்டச் சோதனையோடு சேர்த்தால் எதுவென்று தெரியும். கிளச்சை அமத்தினால் மட்டும் கிரீச்சிட்டால் ரிலீஸ் பேரிங், அல்லது கிராங்க் முனையில் உள்ள சின்னப் புஷ். நான்கிலும் உட்பட எல்லாவற்றிலும் கார் ஓடும்போது மட்டும் வந்தால் பெட்டியின் பின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

அவசரப்படாதீர்கள். நியூற்றலில் போட்டுக் காரை உருளவிட்டும் அதே சத்தம் அதே வேகத்தில் தொடர்ந்தால் டிஃபரன்ஷியல், சில்லுப் பேரிங், புறொப்பெல்லர் சாஃப்ட் (பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) ஆகியவற்றை முதலில் பாருங்கள். புறப்படும்போது 'டொக்' என்று ஒரு அடி கேட்டால் அந்தத் தண்டின் மூட்டான யுனிவேர்சல் ஜொயின்ட். சில்லுக்கு அடை கொடுத்து, நியூற்றலில், சாஃப்டைக் கையால் இரு பக்கமும் முறுக்கிப் பார்த்தாலே ஆட்டம் தெரியும். அந்த ஜொயின்டுக்குக் கிறீஸ் அடிப்பதை மறந்துபோனவர்கள் பெட்டிக்குப் பாகம் தேடி, கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தை வரை போய்வந்திருக்கிறார்கள்.

கார் ஜக்கில் நிற்க, கியரில் போட்டு என்ஜினை ஓட்டிக் கீழே காது வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

8. இறக்குவதா, ஓட்டுவதா

இரண்டாம் கியருக்கு வேகமாக இறக்கும்போது மட்டும் கரகரப்பு. மெதுவாகப் போட்டால் சரி. கிளச்சும் ஒயிலும் சரிபார்த்தாயிற்று. இது தேய்ந்த சிங்க்ரோ வளையம். இதற்காகப் பெட்டியை இறக்க வேண்டிய அவசரமில்லை. கிளச்சை அமத்தி நியூற்றலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு, அக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டி, திரும்ப அமத்தி இரண்டாவதைப் போடுங்கள். பழைய லொறி ஓட்டின ஐயாமார் யாரையாவது பக்கத்தில் இருத்தினால் அரை நாளில் கை பழகும்.

லே சாஃப்ட் உறுமலைத் தள்ளிப்போடக்கூடாது. கடினமேற்றிய மேற்பரப்பு செதிலாக உரிந்து, அந்தச் செதில் மற்றப் பற்களுக்குள் போய், ஒரு தண்டுச் செலவில் முடிந்திருக்க வேண்டியது முழுப் பெட்டியாகிவிடும்.

மைனரில் என்ஜினைத் தாங்கிப் பிடித்து, குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, பெட்டியைக் கீழால் எடுக்கலாம். மிட்ஜெட், ஸ்ப்ரைட்டில் என்ஜினும் பெட்டியும் ஒன்றாகவே மேலால் வரவேண்டும். ஒயிலை முதலே வடித்துவிடுங்கள்; புறொப்பெல்லர் சாஃப்டை உருவியதும் வால் திறந்து நிலமெல்லாம் ஊற்றும். பெட்டியை எடுக்கும்போதும் சேர்க்கும்போதும் அதன் பாரம் முன் தண்டில் ஒரு கணமும் தொங்கக்கூடாது, கிளச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்து, பூட்டியபின் கிளச் இழுக்கும்.

இறக்கியாயிற்றென்றால் கிளச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் முனைப் புஷ், வால் சீல் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஊசி பேரிங்கை மாற்றும்போது லே சாஃப்டையும் மாற்றவேண்டும். பழைய தண்டின் குழியில் புது ஊசிகள் நிலைக்காது. பாகம் வாங்கப் போகிறவர் பழையதைக் கையில் கொண்டு போகட்டும். 948 பெட்டியின் பாகமும் 1098 பெட்டியின் பாகமும் மேசையில் பக்கத்தில் வைத்தால்தான் வேறு என்று தெரியும்.

9. பூட்டியபின்

கியர்பொக்ஸ் கவரை மூடுமுன் ஒயில் மட்டம், வடிக்கும் பிளக், ரிவேர்ஸ் சோதனை மூன்றையும் முடியுங்கள். முதல் ஓட்டம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும். திரும்பி வந்ததும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் தாங்கு ரப்பர் நட்டுகளையும் இன்னொரு தரம் இறுக்குங்கள். 800 கிலோமீற்றரளவில் ஒயிலை மாற்றி, திரும்பவும் வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். புது வளையங்கள் படியும்போது கொஞ்ச மினுக்கம் வரும், செதில் வரக்கூடாது.

வால்பக்கத்தில் ஸ்பீடோமீற்றர் கேபிள் பூட்டும் வாயையும் கவனியுங்கள். கேபிளைக் கையிறுக்கமாக விட்டுக் கவரை மூடிவிட்டால் அங்கிருந்து சொட்டும் ஒயில் வால் சீல் கசிவு போலவே தெரியும், புதிதாகப் போட்ட சீலைத் திரும்பக் கழற்றவைத்துவிடும்.